துரை குளித்த தொட்டியில் நெல்

மரவள்ளிக்கிழங்கின் அருமை பெருமைகளை என்னிடம் யாரும் பேச வேண்டாம். இப்போது அது பலகாரமாகிவிட்டது. தேங்காய்ப்பூ தூவி, பக்கத்தில் சம்பல் வைத்துக் கல்யாண வீடுகளில்கூட அடுக்கி வைக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ஊபி, ஊபி என்று மலாயில் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். தின்னட்டும். ஜப்பான்காரன் காலத்தில் காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் அதைத் தின்று தீர்த்தவள் நான். ஆயுசுக்கும் போதும்.

அப்போது நாங்கள் பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கடைவீட்டின் பின்பாதியில் குடியிருந்தோம். முன்பாதியில் இருந்த துணிக்கடை குண்டு விழுந்த நாளிலிருந்து பூட்டிக் கிடந்தது. எங்கள் பக்கம் ஓர் அறை, ஒரு சமையலறை, இரண்டுக்கும் நடுவில் வானம் தெரியும் சின்ன முற்றம். என் கணவர் துறைமுக ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவருடைய அக்கா, புருஷனை இழந்தவர், எங்களோடு இருந்தார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்கு வாய் பெரிசு, பயம் அதைவிடப் பெரிசு. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் போதும், கொதிக்கிற ரசத்தைக்கூட இறக்கி வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பார்.

அந்த வீட்டில்தான் என் மூத்த மகள் பிறந்தாள். ஊரில் ஒன்றும் கிடைக்காத காலத்தில் ஒரு பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவளுக்கு யாரும் வீட்டு நிர்வாகம் சொல்லித்தரத் தேவையில்லை. தேங்காய் எண்ணெயையும் அடுப்புச் சாம்பல் வடித்த நீரையும் காய்ச்சிச் சவுக்காரம் செய்தேன். அது நுரைக்கவே நுரைக்காது, ஆனால் அழுக்கு போகும். ஜன்னல் திரைகளைக் கிழித்துச் சட்டை தைத்தேன். கணவரின் வெள்ளைக் கால்சட்டைகளில் இரண்டை வெட்டிக் குழந்தைக்குத் துணி போட்டேன். "நாளைக்கு ஆபீசுக்கு நான் என்னத்தைக் கட்டிக்கிட்டுப் போறது?" என்று கேட்டார். "ஜப்பான்காரனுக்கு நீங்க எதைக் கட்டிக்கிட்டுப் போனா என்ன?" என்றேன். அவர் சிரித்தார். அந்த மனுஷன் சிரித்த கடைசி நாட்களில் அது ஒன்று.

மகளுக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தபோது அவர் ரேஷன் அரிசி வாங்கப் போனார். திரும்பி வரும் வழியில், சந்து முனையில் ஒரு ஜப்பான் சிப்பாய் காவல் நின்றான். அவனைத் தாண்டும்போது இடுப்பு வளைத்துக் கும்பிட வேண்டும். இவர் தோளில் அரிசிப் பை. முழுதாகக் குனிந்தால் பை சரியும் என்று பாதிதான் குனிந்தார். கன்னத்தில் விழுந்த அறையில் பை கீழே விழுந்து வாய் பிளந்தது. மண்ணில் கொட்டிய அரிசியை முழங்கால் போட்டு அள்ளச் சொன்னான். அள்ளினார். வீட்டுக்கு வந்து, முற்றத்தில் உட்கார்ந்து, முறத்தில் மண்ணையும் கல்லையும் பொறுக்கிக்கொண்டிருந்தார். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. அந்த அரிசியிலோ சுண்ணாம்பு நாற்றம், பாதி வண்டு.

அண்ணி பக்கத்தில் வந்து நின்று, ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி, "இதுல ஒரு பிடி எடுத்து வச்சிடுவோம். அஞ்சாம் மாசம் புள்ளைக்குச் சோறூட்ட ஆகும்" என்றார்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. "என் புள்ளைக்கு முதல் வாய் இந்த அரிசி இல்ல அண்ணி" என்றேன்.

"பின்ன? கிழங்கை மசிச்சுக் கொடுப்பியா?"

"சோறூட்டுறதுன்னுதானே அதுக்குப் பேரு? கிழங்கூட்டுறதுன்னு நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்ல. சோறுதான் ஊட்டுவேன். ஆனா இது இல்ல. நானே நெல்லு போட்டு, அதுல ஊட்டுறேன்."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெல்லு? இந்தச் சந்துல? பொட்டப்புள்ளைக்கு ஒரு வாய் சோறூட்ட நீ வயலே வைக்கப் போறியா?"

பொட்டப்பிள்ளை என்று சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நானும் அடங்கியிருப்பேன். சொன்ன பிறகு பின்வாங்குவதாவது.

பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதத்தில்தான் சோறூட்டுவார்கள். ஐந்து, இல்லையென்றால் ஏழு, ஒன்பது, கடைசியாகப் பதினொன்று. ஒரு வயது கடந்துவிட்டால் அப்புறம் அது சோறூட்டு அல்ல, வெறும் சாப்பாடு. அண்ணி கணக்கில் அப்படித்தான். என் கணக்கிலும் அப்படித்தான் என்பதால்தான் அவரோடு அத்தனை சண்டை போட முடிந்தது.

தொட்டி முதலில் கிடைத்தது. தஞ்சோங் பக்கம் பங்களா வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், குண்டு விழுந்ததும் நம்மையெல்லாம் அம்போ என்று விட்டுவிட்டுக் கப்பலேறினார். அவர் குளித்த தகரத் தொட்டி பழைய சாமான் கடைக்கு வந்திருந்தது. அடியில் மூட்டு விட்டிருந்ததால் யாரும் சீந்தவில்லை. கணவர் அதைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். தேங்காய் நாரைத் தாரில் முக்கி நானே ஓட்டையை அடைத்தேன். வாய்க்கால் சேற்றை வாளி வாளியாக அள்ளி நிரப்பினேன். எங்களை விட்டு ஓடியவனின் தொட்டியில், எங்களை அறைந்தவனுக்குத் தெரியாமல் நெல் போடுகிறேன் என்று நினைக்கும்போது கை வலிகூடத் தெரியவில்லை.

அப்புறம் விதை. அக்கரையில் பட்டவர்த் பக்கம் அரிசி ஆலையில் வேலை பார்த்த நம் ஆள் ஒருவர், கணவருக்குப் பழக்கம். கொஞ்சம் நெல் வேண்டும் என்று இவர் அவரிடம் கேட்டார். அவரும் தாராளமாக ஒரு டின் நிறையக் கொடுத்தனுப்பினார். நல்ல பருமனான நெல். மஞ்சள் மின்னியது. ஈரத் துணியில் கட்டி வைத்தேன், சேற்றில் தூவினேன், கும்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி தூவினேன். தொட்டியில் புளித்த வாடைதான் வந்தது. அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு, "நல்லா வெளஞ்சிருக்கு, அறுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போவார். இதற்குள் ஐந்தாம் மாதம் நெருங்கிவிட்டது.

அக்கரையிலிருந்து சம்பான் படகில் வந்து எங்கள் சந்தில் கீரை விற்கும் மலாய்க்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். காக் என்று கூப்பிடுவேன், மலாயில் அக்கா. அவளிடம் டின்னில் மிச்சமிருந்த நெல்லைக் காட்டி முறையிட்டேன். ஒன்றை எடுத்து உமியை நகத்தால் கீறினாள், பல்லில் வைத்துக் கடித்தாள். உடனே கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சுடா மாசாக்!" என்றாள். வெந்துபோச்சு என்று அர்த்தம். "இது வெந்த நெல்லு. சோத்தை யாராவது நடுவாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புழுங்கல்! நம் ஆட்கள் நெல் கேட்டால் சாப்பிடத்தான் கேட்பார்கள் என்று அந்த நல்ல மனிதர் அவித்துக் காயவைத்த நெல்லைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பிறந்ததிலிருந்து புழுங்கலரிசிச் சோறு தின்கிறேன். புழுக்கிய நெல் முளைக்காது என்பது கிராணி மகளுக்கும் தெரியவில்லை, கிராணி பெண்டாட்டிக்கும் தெரியவில்லை. மலாய்க்காரர்கள் நெல்லை அவிப்பதில்லை, அதனால் இப்படி ஒரு கோமாளித்தனம் அவர்களுக்குத் தோன்றியே இருக்காது. காக் அந்தக் கதையைச் சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். சோறு நட்ட தமிழச்சி என்று சீன வீட்டுப் பெண்கள்கூட என்னைக் கைகாட்டிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நானும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன்.

சிரித்தவள்தான் அடுத்த தடவை வரும்போது மடியில் விதைநெல் முடிந்துகொண்டு வந்தாள். பதிலுக்கு ஜன்னல் திரையில் அவள் மகளுக்கு ஒரு பாஜு சட்டை தைத்துக் கொடுத்தேன். வேர் எப்போதும் நனைந்திருக்க வேண்டும், கதிர் முற்றத் தொடங்கியதும் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று சொல்லித் தந்தாள். போட்ட வாரமே தொட்டி முழுக்கப் பச்சை ஊசிகள். நான் முற்றத்தில் நின்று சத்தமாக அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதன் பிறகு தொட்டிதான் எனக்கு இரண்டாவது பிள்ளை. மகள் குளித்த தண்ணீர், அவள் துணி அலசிய தண்ணீர், கிழங்கு கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். முற்றத்தில் மத்தியானம் மட்டும்தான் வெயில் விழும். அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, சாயங்கால வெளிச்சத்தையும் தொட்டிக்குத் திருப்பினேன். "நல்லா இருக்குடி. நான் பொட்டு வைக்கக் கண்ணாடி கேட்டதில்ல, உன் நெல்லு முகம் பாக்குது" என்றார் அண்ணி. கணவனை இழந்தவர் பொட்டைப் பற்றி அப்படி வேடிக்கையாகப் பேசியதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழாம் மாதமும் போய்விட்டது. என் பால் குறைந்துகொண்டே வந்தது. கிழங்கு தின்கிற உடம்பில் எவ்வளவுதான் சுரக்கும்? குழந்தை இளைத்தாள். சோறூட்டுமுன் வேறெதையும் வாயில் வைக்கக்கூடாது என்று அண்ணி பிடிவாதம். நான் அவர் கண் முன்னாலேயே பீசாங் என்கிற வாழைப்பழத்தை மசித்து ஊட்டினேன், சவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன்.

"முறை கெட்டுப் போச்சு" என்றார் அண்ணி.

"பழம் சோறா? கஞ்சி சோறா? இல்லல்ல? அப்ப முறை அப்படியேதான் இருக்கு."

"உன் வீம்புக்கு அந்தப் புள்ளையப் போட்டு வாட்டுற. ரேஷன் அரிசியில ஒரு வாய் வச்சா குறைஞ்சா போயிடும்?"

"குறைஞ்சு போயிடும் அண்ணி. உங்க தம்பி முழங்கால் போட்டு அள்ளின அரிசி அது."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. குழந்தை உடம்பு வைக்காமல் போய்விட்டால் என்று பயந்தேன். பயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் சந்துக்கு ஒரு தலைவரை ஜப்பான்காரன் வைத்திருந்தான். நம் ஆள்தான். முன்பு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், இப்போது கையில் பட்டை கட்டிக்கொண்டு வீடு வீடாக நுழைவார். கைப்பட்டை என்றால் சந்தில் எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டில் என்ன இருக்கிறது, யார் என்ன பயிர் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் போய்ச் சொல்ல வேண்டியது அவர் வேலை. ஒரு நாள் முற்றம் வரைக்கும் வந்துவிட்டார்.

"என்னம்மா இது, தொட்டியில புல்லு வளர்க்கிற?"

"சேரைண்ணே" என்றேன், கண் இமைக்காமல். "கொசுவுக்கு நல்லதுன்னாங்க."

எலுமிச்சைப் புல்லும் நெல்லும் அவருக்கு ஒன்றுதான். பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர், என்னை மாதிரியே. குனிந்து ஒரு முறை மோந்துகூடப் பார்த்தார். "வாசமே இல்லையேலா" என்றார். "இன்னும் முத்தலண்ணே" என்றேன். கதவுக்குப் பின்னால் நின்ற அண்ணி மூச்சுக்கூட விடவில்லை. அவர் போனதும் அண்ணி என்னைத் திட்டித் தீர்த்தார். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

சேரை கதிர் விடாது. ஒன்பதாம் மாதத்தில் நெல் பூத்தபோது, குருவிகளுக்குப் பயந்து குழந்தையின் கொசுவலையை எடுத்துத் தொட்டிக்குப் போர்த்தியிருந்தேன். கைப்பட்டை வந்து வலையைத் தூக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏமாத்திட்டியேம்மா. நெல்லு, அரிசி எல்லாம் ஜப்பான்காரனுக்குப் போகணும், தெரியாதா உனக்கு? முத்துனதும் நான் வந்து எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டணும். இல்லேன்னா என் தலைதான் போகும்."

"ஒரு தொட்டி நெல்லுக்கு உங்க தலையா?"

"அவன் தொட்டியா வயலான்னு பாக்க மாட்டாம்மா. நீ மறைச்சன்னு பாப்பான். உன் வீட்டுக்காரர் கதி என்னாகும்னு நெனச்சியா?"

அவர் மிரட்டினாரா, நிஜமாகவே பயந்தாரா என்று இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். அன்று ராத்திரி கணவரிடம் சொன்னேன். பிடுங்கிப் போட்டுவிடு என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொட்டிக்குப் பக்கத்தில் போய், ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

பதினொன்றாம் மாதம் பிறந்தது. கைப்பட்டை எப்போது வருவார் என்று காத்திருக்க எனக்கு என்ன தலையெழுத்தா? கதிர் பொன்னிறமாகத் திரும்பிய காலையிலேயே துணி வெட்டும் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கினேன். அலமாரிக்கு மேல் பரப்பிக் காயவைத்தேன். உலக்கைச் சத்தம் வெளியில் கேட்காமலிருக்க உரலுக்கு அடியில் தலையணை வைத்துக் குத்தினேன். புடைத்து எடுத்தபோது தேறியது இரண்டு கை அரிசிதான். வெள்ளை வெளேரென்று, நாற்றமில்லாத, வண்டில்லாத அரிசி. அண்ணி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நல்ல நாள். அண்ணிதான் பார்த்துச் சொன்னார். குழந்தைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, திரைத் துணியில் தைத்த பாவாடை கட்டினேன். சாமி படத்துக்கு முன்னால் கணவர் அவளை மடியில் வைத்துக்கொண்டார். அடுப்பில் உலை கொதித்து அரிசி வெந்தது.

கதிரை மறைத்தேன், குத்தும் சத்தத்தை மறைத்தேன். சோறு வேகும் மணத்தை மறக்கவே மறந்துவிட்டேன். புது அரிசி வேகிற மணம் எப்படிப்பட்டது என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது. அது முற்றத்தின் வழியாக மேலே போய், சந்து முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடியில் இருந்த சீனக் கிழவர் எட்டிப் பார்த்தார். கதவுக்கு வெளியே பேச்சுக் குரல்கள் கேட்டன. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறக்குமுன்பே யார் என்று தெரிந்துவிட்டது.

கைப்பட்டை உள்ளே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்கள். நான் வெள்ளிக் கிண்ணத்தில் சோற்றைப் போட்டு மசித்து, நெய்க்குப் பதிலாக ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தவில்லை.

"எங்கம்மா நெல்லு?" என்றார்.

"இந்தக் கிண்ணத்துல இருக்கு. மிச்சம் அந்தச் சட்டியில. இதுக்கு மேல ஒரு மணி கிடையாது. எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போங்க, ஆனா முதல் வாய் இவளுக்குத்தான்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று விரலால் எடுத்து மகளின் வாயில் வைத்தேன். குழந்தை முகத்தைச் சுளித்தாள், பாதியைத் துப்பினாள், மீதியை நாக்கால் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினாள்.

கைப்பட்டையும் எச்சில் விழுங்கினார். அந்த மனிதரும் எத்தனை மாதமாகக் கிழங்கு தின்கிறாரோ. வாசலில் கூடியிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "சரிம்மா. நான் எதையும் பாக்கல. புள்ளைக்குக் கிழங்கு மசிச்சு ஊட்டுனாங்கன்னு சொல்லிடுறேன். நீங்களும் கேட்டா அப்படியே சொல்லுங்க. கிழங்கு. என்ன?"

தப்பித்துக்கொள்ள அவர் காட்டிய வழி அது. நல்ல வழிதான். பேசாமல் தலையாட்டியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை மாதம் கழித்து, அதை என் வாயாலேயே கிழங்கு என்று சொல்ல வேண்டுமா? நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணி வெளியே வந்தார். பூட்ஸ் சத்தத்துக்கு ஒளிகிற அதே அண்ணி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த ஆளுக்கும் குழந்தைக்கும் நடுவில் வந்து நின்றார்.

"என்னது, கிழங்கா? உங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? என் தம்பி மக தின்னது சோறு. எவன் வந்து கேட்டாலும் சோறுன்னுதான் சொல்லுவேன். நீங்களும் போய் அப்படியே சொல்லுங்க!"

கணவர் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கைப்பட்டை எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். யாரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அன்றைக்கும் அதற்கப்புறமும் எங்களைத் தேடி யாரும் வரவில்லை.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "தள்ளுடி, உனக்கு ஊட்டத் தெரியல, பாதியக் கீழ விடுற" என்று சொல்லிவிட்டு அடுத்த வாயை அவரே ஊட்டினார்.